பூஜ்ஜியத்தை நிரப்பிய வெள்ளிக்கிழமை

பிரேசிலின் சல்வடோர் நகரில் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளை உடுத்த வேண்டும். சாமி கும்பிடுகிறவன், கும்பிடாதவன், பேருந்து ஓட்டுகிறவன், வங்கியில் உட்கார்ந்திருப்பவன், யாரும் விலக்கல்ல. அந்த வெள்ளிக்கிழமை மதியம் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறைக் கூட்ட அறையும் வெள்ளையாகத்தான் இருந்தது. மேலே உடுத்தியதும் வெள்ளை, உள்ளே இருந்த ஆட்களும் வெள்ளை. ஜசீரா சாக்ரமென்டோ ஒருத்தியைத் தவிர.

ஊரில் பேருந்து ஏறினால் பத்தில் எட்டு முகம் கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அந்தப் பேருந்து மேட்டில் ஏறிப் பல்கலைக்கழக வாசலில் நிற்கும்போது பாதி முகங்கள் இறங்கியிருக்கும். புள்ளியியல் துறை மாடிக்கு வரும்போது ஜசீரா மட்டும் மிஞ்சுவாள்.

அவளும் அங்கே தற்காலிகம்தான். முனைவர் பட்டம், பத்து வருடம் சந்தை ஆய்வு நிறுவனத்தில் வேலை, நல்ல இதழ்களில் கட்டுரைகள் எல்லாம் இருந்தும் அவள் கையில் இருந்தது ஒப்பந்த வேலை. செவிலியர் படிப்புக்கும் உளவியல் படிப்புக்கும் காலை ஏழு மணிக்குப் புள்ளியியல் நடத்த வேண்டும். துறைக்காரர்கள் இதைச் சேவை வகுப்பு என்பார்கள். அந்தச் சேவையைச் செய்ய அவர்களில் ஒருவரும் முன்வந்ததில்லை. பத்து மணிக்கு மேல், குளிர்சாதன அறையில், ஏழெட்டு மாணவர்களுக்கு நிகழ்தகவுக் கோட்பாடு சொல்வதுதான் அவர்களுக்குப் பாடம். ஏழு மணிக்கு நூற்றுச் சொச்சம் பேருக்குச் சராசரி என்றால் என்ன என்று புரியவைப்பது அவர்கள் கண்ணில் தண்டனை.

ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இரண்டு வருடத்துக்கு மேல் நீட்ட சட்டத்தில் இடமில்லை. ஜசீரா தொடர்ந்து கற்பிக்க வேண்டுமானால் துறைக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் வர வேண்டும். அதற்கு இந்த வருடம் ஒரு வழி பிறந்திருந்தது. கறுப்பினப் பெண்களுக்கென்று சில ஆசிரியர் பணியிடங்களைத் துணைவேந்தர் அலுவலகம் அறிவித்திருந்தது. தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு, ஆனால் போட்டி அவர்களுக்குள்தான். எந்தத் துறைகளுக்கு அந்த இடங்கள் என்பதைத் தீர்மானிக்க ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துறையும் தன் நிரந்தர ஆசிரியர்களை ஆண் பெண் என்றும் நிறவாரியாகவும் அட்டவணை போட்டு அனுப்ப வேண்டும். கறுப்பினப் பெண்களின் பங்கு எங்கே மிகக் குறைவோ அங்கே இடம் போகும். எங்கே பள்ளம் அதிகமோ அங்கே மண் கொட்டுகிற கணக்கு. குழந்தைக்கும் புரியும்.

துறைத்தலைவர் எவிலாசியோவுக்குப் புரியவில்லை. அவர் துணைவேந்தர் அலுவலகச் சுற்றறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். அதில் பன்மைத்தன்மை, அர்ப்பணிப்பு என்று பெரிய வார்த்தைகள் இருந்தன. கணக்கு இணைப்பில் இருந்தது. காலையிலேயே ஜசீரா அவர் அறைக்குப் போய் இணைப்பைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கண்ணு, உன்னை அட்டவணை போடச் சொன்னேன். வியாக்கியானம் பண்ணச் சொல்லலே."

அட்டவணையை அவளிடம் கொடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பிரேசிலில் புள்ளியியலாளர் என்பது டாக்டர், வக்கீல் போலப் பதிவு செய்துகொள்ள வேண்டிய தொழில். இந்த மாதிரி அட்டவணையின் அடியில் பதிவு எண் உள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று சுற்றறிக்கை கேட்டிருந்தது. துறையில் இருபத்தாறு நிரந்தர ஆசிரியர்கள். பெரும்பாலோர் கணிதத்திலிருந்தும் பொறியியலிலிருந்தும் வந்து ஒதுங்கியவர்கள். எவிலாசியோ தானே பதிவு செய்துவிடலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தார். இளங்கலைப் பட்டம் எதில் என்று கேட்டது. சுரங்கப் பொறியியல் என்று அடித்தார். அதோடு பக்கம் நின்றுவிட்டது. பேராசிரியை எலோயிசா முறைப்படி புள்ளியியல் படித்தவள். ஆனால் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுப் பல காலம் ஆகிறது. ஆக, நாட்டின் சட்டப்படி அந்தப் புள்ளியியல் துறையில் ஒரே ஒரு புள்ளியியலாளர்தான் இருந்தாள். அவளுக்குத்தான் டிசம்பரில் வேலை போகிறது.

"சரி, ஆரம்பிக்கலாமா?" என்றார் எவிலாசியோ. "ஜசீரா, திரையில போடு."

அட்டவணை சுவரில் விரிந்தது. பெண்கள் வரிசையில் ஏழு பேர். ஏழும் வெள்ளைக் கட்டத்தில். கறுப்பினம் என்ற கட்டத்தில் ஒரு பூஜ்ஜியம், வட்டமாக, சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா?" எவிலாசியோ பூஜ்ஜியத்தின் மேல் விரலால் தட்டினார். "அடுத்த மாசம் அமைச்சகத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. இதே தாளைத்தான் அவங்களும் பாப்பாங்க. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டுப் பூஜ்ஜியம்னு எழுதிக் குடுத்தா நம்ம மானம் என்ன ஆறது?"

துறை தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பூஜ்ஜியம் அங்கேதான் இருந்தது. ஆளாக இல்லாதபோது யாருடைய மானத்தையும் அது உரசவில்லை. எண்ணாக எழுதியதும் எல்லோருக்கும் உறுத்தியது.

"அதனால ஒரு யோசனை. நிறம்ங்கிறது அவங்கவங்க சொல்றதுதான். சட்டமே அப்படித்தான் சொல்லுது. நம்ம பேருக்கு நேரா 'வெள்ளை'ன்னு எப்பவோ எவனோ ஆபீஸ்ல குறிச்சு வச்சிருக்கான். இப்ப நாமளே மனசாட்சியோட சொல்லிடுவோம்."

சட்டம் சொல்வது உண்மைதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாசலுக்கு வருகிறவர் ஐந்து சொற்களை வாசிப்பார்: வெள்ளை, கருப்பு, பழுப்பு, மஞ்சள், பூர்வகுடி. வீட்டுக்காரர் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருப்பையும் பழுப்பையும் கூட்டினால் அரசாங்கக் கணக்கில் கறுப்பினம். மிக நல்ல ஏற்பாடு அது. இருபது கோடிப் பேரை வரிசையில் நிறுத்தி முகம் பார்க்க எந்த அதிகாரியாலும் முடியாது. அப்படிப் பார்க்கவும் கூடாது. தன்னை ஊர் எப்படி நடத்துகிறது என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஒருவர் கூட்டிச் சொன்னாலும் இன்னொருவர் குறைத்துச் சொல்வார், கோடிக்கணக்கில் சேரும்போது பெரும்பாலும் சமனாகிவிடும். இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்றால், ஒரே அறையில் ஒரே காரணத்துக்காக ஒரே பக்கம் சாய்கிற இருபத்தாறு பேரிடம் உடையும். தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கைகோத்துக்கொள்ளும். அங்கே இருந்த எல்லோருக்கும் இது தெரியும். பாடமாக நடத்துகிறவர்கள்.

எலோயிசா முதலில் கை தூக்கினாள்.

"நான் வெள்ளைன்னு யார் சொன்னது? மழை பெஞ்சா என் முடியைப் பாருங்க. அப்படியே சுருண்டுக்கும். பழுப்புன்னு போடு ஜசீரா."

அந்த முடியை மாதாமாதம் மருந்து போட்டு நீட்டிக்கொள்ள அவள் செலவழிக்கும் நேரத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கலாம்.

அவள் பக்கத்தில் இருந்த குளோரிஸ் சிரித்தாள். "என்னைக் கேட்டா? கோடையில தீவுக்குப் போயிட்டு வந்தா எங்கம்மாவே 'யாருடி நீ'ன்னு கேப்பா. எனக்கும் பழுப்பு."

"குளிர்காலத்துக்கு என்ன போடட்டும் மேடம்?" என்றாள் ஜசீரா.

சிலர் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"பொண்ணுங்களுக்கு மட்டும்தானா இது?" வால்டிர் நாற்காலியை முன்னால் இழுத்தார். துறையிலேயே மூத்தவர், சீரற்ற நிகழ்முறைகளில் பெரிய பெயர். "என்னைப் பால் குடுத்து வளத்தது கருப்பு ஆயா. என் உடம்புல ஓடறது அவ பாலு."

"பால் வெள்ளைதானே சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல என்னைச் செல்லமா 'கருவாயா'ன்னுதான் கூப்பிடுவாங்க" என்று எவிலாசியோ தன் பங்கைக் கொடுத்தார். வீட்டுச் செல்லப் பெயருக்குத் தரவு மதிப்பு உண்டு என்பது அன்றுதான் புள்ளியியலுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அறை சூடு பிடித்தது. ஒருவருக்கு மூக்கு அகலம். ஒருவர் கறுப்பின அடிமைகள் உருவாக்கிய கப்போயிராச் சண்டைக்கலை கற்றிருந்தார். ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடல்தாய்க்கு வருடம் தவறாமல் பூப் போடுகிறவர். மரவள்ளிக் கேக்கும் காப்பியும் ஒரு சுற்று வருவதற்குள் நான்கு பெண்களும் ஒன்பது ஆண்களும் பழுப்பாகியிருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் ரத்ததானம் கொடுத்துவிட்டு வந்தவரின் பெருமை.

ஜசீரா விசைப்பலகையைத் தொடவே இல்லை. சுவரில் பூஜ்ஜியம் அப்படியே இருந்தது.

"ஏம்மா தட்டாம உக்காந்திருக்கே?"

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

எவிலாசியோ எழுந்தார். "கொஞ்சம் வெளியில வா."

நடைபாதையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். அப்பா மாதிரிப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"ஜசீரா, நீ புத்திசாலி. டிசம்பர் வருது. எனக்கும் உன்னை அனுப்ப மனசில்லை. நீ இதுல கையெழுத்துப் போட்டுக் குடு. உன் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டறதுக்கு நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு வருஷத்துக்கு மேல நீட்ட முடியாது சார். நீங்க தர்றேங்கறது உங்க கையிலயே இல்ல."

"அதெல்லாம் பேசிப் பாக்கலாம்..."

"அடுத்தவன் சட்டைப் பையில கைய விட்டு எனக்குத் தர்றீங்க. அதுவும் காலிப் பை."

அவர் முகம் சிவந்தது. பழுப்பான ஒரு மனிதருக்கு மிக நன்றாகவே சிவந்தது.

"கையெழுத்துப் போடலேன்னா டிசம்பர்ல நீ போகலாம்."

"போட்டாலும் டிசம்பர்ல போகணும். அதான் சார் காலைல சொல்ல வந்தேன்."

அவள் அவரைத் தாண்டி அறைக்குள் போனாள்.  இத்தனை படித்தவர்களுக்கு முன்னால் உண்மை என்பதற்காக ஒரு உண்மையைச் சொன்னால் விலை போகாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்குப் புரிகிற மொழி ஒன்றே ஒன்றுதான். அதில் பேச வேண்டியிருக்கிறதே என்று அருவருப்பாக இருந்தது. பேசாமல் விட்டால் பூஜ்ஜியம் நிரம்பும், இடம் வேறு துறைக்குப் போகும், டிசம்பரில் அவள் மறுபடி பற்பசை விற்பனைக்கு வரைபடம் போடப் போக வேண்டும்.

அவள் திரையில் அட்டவணையை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். வகுப்பு நேர அட்டவணை.

"ஒரே ஒரு நிமிஷம். அந்தப் பூஜ்ஜியம் இருந்தா நமக்கு ஒரு புது ஆசிரியர் பணியிடம் வரும். இணைப்புல எழுதியிருக்கு. கறுப்பினப் பெண்கள் எங்க ரொம்பக் கம்மியோ அங்கதான் தர்றாங்க. நாலுன்னு எழுதினா நாம வரிசையோட கடைசிக்குப் போயிடுவோம். இடம் வராது. நான் டிசம்பர்ல போயிடுவேன். அப்ப இந்த வகுப்புங்களை இங்க இருக்கறவங்கதான் எடுக்கணும்."

அறை திரையைப் பார்த்தது.

"திங்கள், புதன், வெள்ளி செவிலியர். செவ்வாய், வியாழன் உளவியல். காலை ஏழு மணி."

வால்டிர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "இரும்மா, இரும்மா. நாங்க பழுப்புன்னு சொன்னா வேலை வராதா?"

"வராது சார்."

"வேலை வரலேன்னா ஏழு மணிக்கு..."

"நீங்க ஊர்க் கோடியில, இட்டாபுவான்ல இருக்கீங்க. நெரிசலுக்கு முன்னாடி அஞ்சரைக்குக் கிளம்பினாப் போதும்."

"எனக்குக் காலைல நீச்சல் இருக்கு" என்றாள் எலோயிசா உடனே. யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. "அதுவும் இல்லாம, முடியை வச்சு நிறத்தைச் சொல்ல முடியுமா என்ன? இந்த உப்புக் காத்துல யாருக்குமே சுருளும்."

"நீதானே சொன்னே?" என்றாள் குளோரிஸ்.

"விளையாட்டுக்குச் சொன்னேன். நீ என்ன, வெயில்ல கருத்தவதானே? ஒரு வாரத்துல உரிஞ்சு போயிடும்."

"நான் வாய்ல சொன்னேன், எழுதிக் குடுக்கலியே. என்னை எடுத்துடு ஜசீரா."

"ஆயா எங்க வீட்ல கொஞ்ச நாள்தான் இருந்தா" என்று வால்டிர் யோசனையாகச் சொன்னார். "பெரும்பாலும் புட்டிப்பால்தான் குடிச்சிருப்பேன்."

மூக்கு அகலமானவர் தம் மூக்கைத் தடவிப் பார்த்தார், சுருங்கிவிட்டது போல. கப்போயிராக்காரர் அது உடற்பயிற்சிக்காகத்தான் என்றார். கடல்தாய்க்குப் பூப் போட்டவர் கைபேசியில் ஏதோ தேடத் தொடங்கினார். வெயிலில் போட்ட துணி வெளுக்கிற நேரம்கூட ஆகவில்லை, அறை முழுக்க மறுபடி வெளுத்துவிட்டது.

வாசலில் நின்றிருந்த எவிலாசியோவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இந்த அபத்தத்தையெல்லாம் அவர்தான் தொடங்கினார் என்பது போல. அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே நினைச்சேன். நேர்மையா இருக்கறதுதான் துறைக்கு அழகு. பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியம்னே போட்டு அனுப்புவோம். துணிச்சலான முடிவு. எல்லாருக்கும் நன்றி."

கை தட்டினார்கள். உண்மையிலேயே தட்டினார்கள்.

ஜசீரா அட்டவணையை அச்செடுத்து அடியில் பெயர் எழுதி, பதிவு எண்ணைப் போட்டாள். வென்ற மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. எதிரி என்று ஒருவன் இருந்தால் வெல்லலாம். இவர்களுக்கு அவள்மேல் வெறுப்புகூட இல்லை. கறுப்பினமாக இருப்பது என்றால் வெள்ளிக்கிழமை மதியம் எடுத்து மாட்டிக்கொண்டு, அலாரம் அடிக்கிற நேரம் தெரிந்ததும் கழற்றி வைக்கிற சட்டை என்று நினைக்கிறவர்கள். அவள் அம்மா அந்தத் தோலோடு வீட்டு வேலைக்காக அடுக்குமாடிக் கட்டடங்களின் பின்வாசலில் ஏறி இறங்கியவள். கழற்றி வைக்கக் கொக்கி கிடைத்திருந்தால் அவளும் என்றாவது அதைத் தொங்கவிட்டிருப்பாள்.

பணியிடம் துறைக்கு வந்தது. அறிவிப்பு ஒட்டிய அன்று எவிலாசியோ நடைபாதையில் போகிற வருகிறவர்களிடம், "போராடி வாங்கினோம்" என்றார். தேர்வுக்குப் பல ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். எழுத்து, பாடம் நடத்துதல், ஆய்வுத் திட்டம் என்று மூன்று சுற்று. சொன்ன நிறம் சரிதானா என்று முகத்தைப் பார்த்து உறுதிசெய்யும் குழு தனியாக உட்கார்ந்தது. அங்கே மழையில் சுருளும் முடிக்கும் ஆயாவின் பாலுக்கும் மதிப்பெண் கிடையாது. வெளியூர்த் தேர்வாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஜசீரா முதலாவதாக வந்தாள். மார்ச் மாதம் வேலையில் சேர்ந்தாள், இந்த முறை நிரந்தரமாக.

அடுத்த வருடம் அதே அட்டவணை மறுபடி கேட்கப்பட்டது. துணைவேந்தர் அலுவலகம் இப்போது கணினிப் படிவம் அனுப்பியிருந்தது. ஜசீரா கட்டங்களை நிரப்பினாள். கறுப்பினப் பெண்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று தட்டினாள். படிவம் அதை விழுங்கிவிட்டு ஒரு நட்சத்திரக் குறியைக் காட்டியது.

அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். மூன்றுக்குக் குறைவான எண்ணிக்கையை வெளியிடாமல் மறைப்பது நல்ல வழக்கம். ஒரு சிற்றூரில் இன்ன நோய் ஒருவருக்கு என்று அட்டவணை சொன்னால், அந்த ஒருவர் யார் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் நிற்கிற ஆளைக் காப்பாற்றத்தான் நட்சத்திரம். அந்த வழக்கத்தை அவள் மாணவர்களுக்கு ஆசையோடு சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

எவிலாசியோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நல்லா இருக்கே! நட்சத்திரம்னா ஒண்ணாவும் இருக்கலாம், ரெண்டாவும் இருக்கலாம். ஒண்ணே ஒண்ணுன்னு பளிச்சுனு தெரியாது. உன் அந்தரங்கத்துக்கும் நல்லது, கண்ணு."

"போன வருஷம் பூஜ்ஜியத்துக்கு நட்சத்திரம் போடலியே சார்."

"பூஜ்ஜியத்துல மறைக்க யாரு இருக்கா?"

"இப்ப யார்கிட்டேர்ந்து என்னை மறைக்கறீங்க? இந்த நடைபாதையில தினமும் நான்தான் நடந்து வரேன். புதுசா வந்த காவலாளிகூட முதல் மாசம் மூணு தரம் அடையாள அட்டை கேட்டாரு. அவர்கிட்ட இந்த நட்சத்திரத்தைக் காட்டியிருக்கலாம்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல? மூணு பேர் ஆகட்டும், எண் தன்னால வெளிய வரும்."

படிவத்தின் கீழே ஒரு சிறிய பெட்டி இருந்தது. சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் எண்ணைக் காட்டலாம். ஜசீரா தன் பெயரை எழுதி, சம்மதம் என்று குறித்தாள். நட்சத்திரம் போய் ஒன்று வந்து நின்றது.

"விதியை நானும் மதிக்கறேன் சார்" என்றாள். "இன்னும் ரெண்டு பணியிடம் கேட்டு இன்னிக்கே கடிதம் எழுதுங்க. கணக்கு நான் போட்டுத் தரேன்."

எவிலாசியோவுக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. அவர் கிளம்பினார். ஜசீரா கடிதத்தைத் தானே தட்டி, அச்செடுத்து, அவர் மேசையில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் சுழித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.